தண்ணீர் போத்தல் இல்லாத சிப்பாய்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பினாங்கின் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் கடை விரித்திருந்த சீன அங்கிள் ஒருவர் என் கையில் ஒரு வெள்ளைக்காரனைக் கொடுத்தார். ஓரடிக்குச் சற்றுக் குறைவான உயரம். உடம்பில் ஒட்டுத்துணி இல்லை. தலையில் அங்கங்கே முடி உதிர்ந்திருந்தது. கன்னத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. "பெராப்பா, அங்கிள்?" என்றேன். அவர் அவனைக் குப்புறத் திருப்பி, பின்புறத்தில் புடைத்திருந்த எழுத்துகளை நகத்தால் தட்டிக் காட்டினார். "1964. ஆன்டிக். இருநூறு ரிங்கிட்."

அந்த எண்ணைப் பார்த்துத்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். அங்கிள் பொய் சொல்லவில்லை. எழுதியிருந்ததைப் படித்தார், அவ்வளவுதான். ஹாஸ்ப்ரோவின் உரிமத்தில் இங்கிலாந்தில் பாலிட்டாய் தயாரித்தது, 1964 என்று அங்கே இருக்கும். 1964 என்பது அமெரிக்காவில் ஹாஸ்ப்ரோ என்ற பொம்மைக் கம்பெனி தன் ஜி.ஐ. ஜோ சிப்பாய் பொம்மையை வெளியிட்ட வருடம். அந்த ஜோவை வாங்கி, ஆக்‌ஷன் மேன் என்று பெயர் மாற்றி பாலிட்டாய் விற்க ஆரம்பித்ததே 1966இல்தான். இவன் தலையிலோ வெல்வெட் துணி மாதிரி ஒட்டிய முடி. அது 1970க்கு முன் கிடையாது. விரல்கள் துப்பாக்கியைப் பற்றிக்கொள்ளும்படி மெத்தென்று வளைந்தவை, அது 1973. பிடரியைத் தடவிப் பார்த்தேன். கண்ணை இடம் வலமாக உருட்டும் சின்ன நெம்புகோல் அங்கே இல்லை. அது வந்தது 1976இல். ஆக, இவன் பெரும்பாலும் 73க்கும் 76க்கும் நடுவில் பிறந்தவன். ஜாதகம் கணிப்பது மாதிரிதான். பின்புறத்தில் எழுதியிருப்பது கோத்திரம், பிறந்த தேதியைக் கையிலும் தலையிலும் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் அங்கிளிடம் சொல்லவில்லை. ஒரு விரலின் நுனி பொடிந்து போயிருந்ததை மட்டும் காட்டினேன். எழுபதுக்கு முடிந்தது.

எனக்கு வேலை பாயான் லெப்பாஸில், ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில். எங்கள் வாயில் அது கியூசி. இருபது வருடத்துக்கும் மேலாகப் பூதக்கண்ணாடிக்கடியில் பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் குறை எழுதுகிறேன். அதனால் பழைய சிப்பாய் பொம்மைகளைப் பற்றி எழுத உட்காரும்போதும் கை அப்படியே போகிறது. அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த கோடு எங்கே ஓடுகிறது, உருக்கிய பிளாஸ்டிக் உள்ளே நுழைந்த வாயின் வடு எங்கே இருக்கிறது, பெயின்ட் புருவத்தைத் தாண்டி வழிந்திருக்கிறதா. இந்த மூன்றையும் பார்த்தாலே அசலா போலியா என்பதில் முக்கால் பங்கு தெரிந்துவிடும். போலி பெரும்பாலும் அசலை அச்செடுத்துச் செய்தது. அச்செடுக்கும்போது ஓரங்கள் மழுங்கும், அளவு ஒரு மயிரிழை சுருங்கும். அசலையும் போலியையும் தோளோடு தோள் நிறுத்தினால் போலிதான் குள்ளம்.

நட்சத்திரம் போட்டு மதிப்பிடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஐந்துக்கு மூன்றரை என்றால் என்ன அர்த்தம்? ஆக்‌ஷன் மேன் உலகத்தில் எனக்குத் தெரிந்து பிரயோஜனமான நட்சத்திரம் ஒன்றுதான். பாலிட்டாய் பெட்டிகளில் அச்சடித்திருந்த நட்சத்திரங்களை வெட்டிச் சேர்த்து, 21 ஆனதும் அனுப்பினால் ஒரு சிப்பாய் இலவசமாக வீடு தேடி வருவான். சட்டை துணிமணி இல்லாமல்தான் வருவான். துணி வேண்டுமா, கடைக்குப் போ. வியாபாரம் தெரிந்தவர்கள்.

எங்கள் வீட்டுக்கு முதல் சிப்பாய் வந்தது 1983இல், ஒரு கோங் குவான் பிஸ்கட் டின்னில். எனக்கு அப்போது ஐந்து வயது. பாட்டி பினாங்குத் தீவின் தஞ்சோங் பூங்கா பகுதியில் ஓர் ஆஸ்திரேலியக் குடும்பத்தின் வீட்டில் துணி துவைத்து, பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் கால பினாங்குப் பிள்ளைகளுக்கு இது தெரியாமல் இருக்கலாம்: எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் விமானத்தளம் 1950களிலிருந்து 1988 வரை ஆஸ்திரேலிய விமானப்படையின் கையில் இருந்தது. அந்தப் படைக்காரர்களின் குடும்பங்கள் பல தீவில்தான் குடியிருந்தன. தஞ்சோங் பூங்கா, தஞ்சோங் தோக்கோங் பக்கம் தெருத்தெருவாக அவர்கள் வீடுகள். பாலம் 1985இல்தான் திறந்தார்கள். அதுவரை துரைமாரும் ஃபெரியில்தான் வேலைக்குப் போய் வந்தார்கள். இரண்டு மூன்று வருடம் இருப்பார்கள், மாற்றல் வந்ததும் வீட்டைக் காலி செய்வார்கள். அப்போது கப்பலேற முடியாதவை எல்லாம் வேலைக்காரர் வீடுகளுக்கு வந்து சேரும். தையல் மெஷின், அலமாரி, பாதி தீர்ந்த ஷாம்பு, பொம்மைகள்.

தீவில் பழைய ஆக்‌ஷன் மேன்கள் இன்னமும் தலைகாட்டுவதற்கு இதுதான் காரணம் என்பது என் கணிப்பு. இங்கே கடையில் வாங்கியவர்கள் எத்தனை பேர் இருந்திருக்க முடியும்?

டின்னில் இருந்தவன் கண்ணை உருட்டும் ரகம். காக்கிக் காற்சட்டை, சட்டை, பூட்ஸ் இரண்டு, ஒரு துப்பாக்கி, பெல்ட், பெல்ட்டில் கோத்த பச்சை நிறத் தண்ணீர் போத்தல். போத்தல் என் சுண்டு விரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. வாங்கிய அன்றே பாட்டி அவன் உடுப்பைக் கழற்றித் துவைத்து, கொடியில் எங்கள் துணிகளுக்கு நடுவே காயப் போட்டார். ஒரு சாண் நீளக் காற்சட்டைக்கு இரண்டு கிளிப்.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு சிப்பாய் பொம்ம? வளந்து பட்டாளத்துக்கா போகப் போறா?" என்று பாட்டியிடம் சண்டை. அம்மாவுக்குத் தெரியாமலே அவர் தொட்டது, இந்தப் பொம்மைகளின் பிறப்பிலேயே இருந்த சிக்கலை. பார்பி 1959இல் வந்து, உடுப்பு உடுப்பாக விற்றுக் கொழித்தது. பையன்களுக்கும் அதே மாதிரி ஒன்று செய்தால் என்ன என்று ஸ்டான் வெஸ்டன் என்பவர் யோசித்தார். ஹாஸ்ப்ரோவில் டான் லெவின் அதைப் பிடித்துக்கொண்டார். யோசனையை ஒரு லட்சம் டாலருக்கு விற்றுவிட்டு வெஸ்டன் ஒதுங்கிக்கொண்டார். ஆனால் ‘டால்’ என்று சொன்னால் எந்த அப்பா தன் பையனுக்கு வாங்கிக் கொடுப்பார்? அதனால் ‘ஆக்‌ஷன் ஃபிகர்’ என்று ஒரு புதுப் பெயர் கட்டினார்கள். 21 அசையும் பாகங்கள் என்று விளம்பரம் செய்தார்கள். டால் என்ற சொல் கம்பெனிக்குள்ளேயே தடை. நமக்கு இந்தத் தொல்லை இல்லை. மரப்பாச்சியும் பொம்மை, தஞ்சாவூர்த் தலையாட்டியும் பொம்மை, துப்பாக்கி ஏந்திய இவனும் பொம்மைதான். என் மகன் மட்டும் "பொம்ம இல்லமா, ஃபிகர்" என்று திருத்துவான். 1964இல் அமெரிக்காவில் கட்டிய கதை இன்னும் ஓடுகிறது.

முகத்துத் தழும்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மனித உருவத்துக்கு உரிமை கொண்டாட முடியாது. ஆனால் தழும்புள்ள முகத்துக்குக் கொண்டாடலாம். யாராவது காப்பியடித்தால் தழும்போடு சேர்த்து அடிப்பான், பிடித்துவிடலாம். ஹாஸ்ப்ரோவின் ஜோவுக்கு இன்னோர் அடையாளமும் உண்டு: வலது கட்டை விரலின் நகம் உட்பக்கத்தில் இருக்கும். செதுக்கியவரின் கைத்தவறு. பிறகு அதுவே நல்ல அடையாளம் என்று அப்படியே விட்டுவிட்டார்கள். எங்கள் தொழிற்சாலையில் ஒரு குறையை இப்படி அம்சமாக மாற்றிக் காட்டச் சொல்லுங்கள், பார்ப்போம். மேனேஜர் என்னைத்தான் மாற்றுவார்.

சரி, இப்போது ஈரத்துக்கு வருகிறேன். இந்தப் பொம்மைகளைப் பற்றி இங்கிலாந்துக்காரர்களும் அமெரிக்கர்களும் எழுதும் பக்கம் பக்கமான ஆலோசனைகளில் பாதி நமக்கு உதவாது. அவர்கள் பயப்படுவது வெயிலுக்கும் தூசுக்கும். நமக்கு எதிரி காற்றில் இருக்கிறது. ஒரு மழைக்காலம் அலமாரியைத் திறக்காமல் விட்டால் சிப்பாயின் சட்டையில் பூஞ்சை பூத்துவிடும். பிரஸ் பட்டன்கள் பச்சை கக்கும், அந்தப் பச்சை துணியில் இறங்கிவிட்டால் பிறகு போகாது. உள்ளே கூடான உடம்புக்குள் தலையையும் கைகால்களையும் இழுத்துப் பிடித்திருப்பது ஒரு எலாஸ்டிக் கயிறு. அது நமநமத்து, ஒருநாள் இரவில் அறுந்துவிடும். காலையில் பார்த்தால் அலமாரிக்குள் ஒரு சிப்பாய் மண்டியிட்டு, தலை கவிழ்ந்து கிடப்பான். புதுக் கயிறு லிட்டில் இந்தியாவில் தையல் சாமான் விற்கும் கடையிலேயே கிடைக்கிறது. அளவு சொல்லத் தெரியாமல் முதல் தடவை பொம்மையையே கைப்பையில் கொண்டுபோய்விட்டேன். கடைக்காரர் இடுப்புக்குக் கீழே இரு கால்களும் ஊசலாடுவதைப் பார்த்து, "என்னக்கா, ஆக்சிடென்டா?" என்றார்.

ஈரத்தை வெல்வதற்கு எனக்கு வேலையிடமே வழிகாட்டியது. எங்களுக்கு வரும் சிப்புகள் காற்றுப் புகாத வெள்ளிப் பைகளில், உள்ளே உலர்த்தும் பொட்டலங்களோடு வரும். கூடவே ஒரு சின்ன அட்டை இருக்கும். அதில் வட்டப் புள்ளிகள். உள்ளே உலர்ந்திருந்தால் நீலம், ஈரம் புகுந்தால் இளஞ்சிவப்பு. பையைப் பிரித்த பிறகு அட்டையும் பொட்டலமும் குப்பைக்கு. நான் சூப்பர்வைசரிடம் கேட்டு எடுத்து வருகிறேன். சமையலறையில் மிளகாய்த்தூள் போட்டு வைக்கும் மூடி இறுகிய டப்பா ஒன்றில் சிப்பாய், ஒரு பொட்டலம், ஒரு அட்டை. வாரம் ஒருமுறை அட்டையைப் பார்ப்பேன். சிவந்துவிட்டால் பொட்டலத்தை மாற்றுவேன்.

கெட்டிக்காரத்தனமாகத் தோன்றுகிறது அல்லவா? 2011இல் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஐந்து சிப்பாய்களைப் பூட்ஸ், பெல்ட், உறை எல்லாம் மாட்டியபடியே டப்பாவில் இறுக்கி மூடினேன். புள்ளிகள் ஒரு வருடமும் நீலமாகவே இருந்தன. திறந்தால் உள்ளே புது பிளாஸ்டிக் ரெயின்கோட் வாசம். பூட்ஸ்கள் கையில் பிசுபிசுத்தன. ஒருவனின் தொடையில் பெல்ட் பட்ட இடமெல்லாம் தீயால் சுட்ட மாதிரி பள்ளமாகப் பழுப்பேறிக் கிடந்தது. மெத்தென்ற பிளாஸ்டிக்கை மெத்தென்று வைத்திருக்க அதில் ஒரு எண்ணெய் கலந்திருக்கும். வயதாக வயதாக அது வெளியே கசியும். காற்றோட்டம் இருந்தால் போய்விடும். நான் போக விடவில்லை. அது பக்கத்தில் இருந்த கெட்டியான பிளாஸ்டிக்கைத் தின்றுவிட்டது. ஈரத்துக்குப் பயந்து மூடினேன், உள்ளிருந்தே வெந்துபோனார்கள். இப்போது துணி தனி, பூட்ஸ் தனி, உடம்பு தனி. பூட்ஸ்களுக்கு வெறும் காகிதப் பை. சிப்பாய்கள் அம்மணமாகத்தான் தூங்குகிறார்கள்.

பெரிய சிப்பாய்களின் காலம் அமெரிக்காவில் 1976இல் முடிந்தது. எண்ணெய் விலை ஏறி, பிளாஸ்டிக் விலையும் ஏறியதும் ஓரடி உயரப் பொம்மை கட்டுபடியாகவில்லை. இங்கிலாந்தில் பாலிட்டாய் 1984 வரை தள்ளியது. நடுவில், 1982இல், ஜோ திரும்பி வந்தான், உள்ளங்கைக்குள் அடங்குகிற உயரத்தில். என் வயதுக்காரர்களுக்கு ஜி.ஐ. ஜோ என்றால் இவன்தான். முதுகில் ஒரு திருகாணி. அதைக் கழற்றினால் நெஞ்சும் முதுகும் பிரியும். நடுவில் கால்களையும் மார்பையும் கோத்து நிற்பது ஒரு கறுப்பு ரப்பர் வளையம். மொத்த சிப்பாயும் அந்த வளையத்தை நம்பி இருக்கிறான். பைப் ரிப்பேருக்கு ஹார்ட்வேர் கடையில் விற்கும் வளையங்களில் அதற்கு ஒப்பானதைத் தேடி எடுத்தால் போதும், சில சென்களில் உயிர் வந்துவிடும். கட்டை விரல் உடைந்தால்தான் வழியில்லை. துப்பாக்கியைக் கையில் திணிக்கும்போது பத்தில் நான்கு பேருக்கு விரல் போய்விடும். இந்த அளவில் ஒரு சிப்பாயை வாங்கப் போனால் முகத்தைப் பார்க்காதீர்கள், கட்டை விரலைப் பாருங்கள். பிறகு இரு தொடைகளும் சேரும் இடம். அங்கே மயிரிழை விரிசல் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இந்த வரிசையில் எனக்குப் பிடித்தவன் ஸ்நேக் ஐஸ், ஆனால் வழக்கமான காரணத்துக்காக இல்லை. முதல் வருடம் பெயின்ட் செலவு பட்ஜெட்டை மீறியது. ஒரு சிப்பாய்க்காவது பெயின்டே அடிக்காமல் விட்டால் கணக்கு சரியாகும் என்று, ஒருவனைத் தலை முதல் கால் வரை கறுப்பு பிளாஸ்டிக்கில் வார்த்து விட்டார்கள். முகம் கிடையாது, பேச்சு கிடையாது. கடைசியில் கூட்டத்திலேயே பெரிய நட்சத்திரம் அவன்தான். அட்டையின் பின்னால் ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஒரு குறிப்பு இருக்கும்: பெயர், ஊர், என்ன வேலை, எப்படிப்பட்ட ஆள். அவற்றை எழுதியவர் லாரி ஹாமா, தானே ராணுவத்தில் இருந்தவர். வாங்கிய அன்றே அந்தச் சதுரத்தைக் கத்தரித்து எடுத்து ரப்பர் பேண்ட் போட்டு வைப்போம். நான் இங்கிலீஷ் வாசிக்கக் கற்றது பள்ளிக்கூடத்தில் பாதி, இந்த அட்டைகளில் பாதி.

1999இல் சித்தப்பா மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கச் சென்னைக்குப் போனோம். தி. நகரில் அம்மாவும் சித்தியும் புடவை புரட்டிய நான்கு மணி நேரத்தில் நான் ஒரு பொம்மைக் கடையைக் கண்டுபிடித்தேன். அங்கே ஜோ தொங்கிக்கொண்டிருந்தான்! அட்டையில் ஃபன்ஸ்கூல் என்று இருந்தது. எம்.ஆர்.எஃப். டயர்காரர்களின் பொம்மைக் கம்பெனி, தலைமையகம் சென்னையிலேயே, உற்பத்தி கோவாவில். அமெரிக்காவில் ஓடி முடித்த அச்சுகள் பிரேசிலுக்குப் போயின, இந்தியாவுக்கு வந்தன. அங்கே கையில் இருந்த பிளாஸ்டிக்கையும் பெயின்டையும் வைத்து வார்த்தார்கள். உடம்பு அதே உடம்பு. நிறம் மட்டும் யார் மனதுக்கு எது பட்டதோ அது. நான் வாங்கியவனுக்குத் தீபாவளிக்கு எடுத்த சட்டை மாதிரி மஞ்சள். காட்டுக்குள் ஒளிந்து சண்டை போடுகிற ஆளாம்! கியூசி கண்ணால் பார்த்தால் தள்ளுபடி: அச்சுக் கோடு தடித்திருக்கிறது, புருவம் நெற்றியில் இருக்கிறது. ஆனாலும் என் அலமாரியில் நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பது அவனைத்தான். மேற்கத்திய சேகரிப்பாளர்கள் ஒருகாலத்தில் இந்த இந்திய வார்ப்புகளைக் கேலி செய்தார்கள், இப்போது இல்லாத நிறமாகத் தேடி அலைகிறார்கள். அன்று எட்டு வாங்கியிருக்கலாம். அம்மா, "ஒண்ணு போதும், பெட்டியில எடம் இல்ல" என்றார். பெட்டியில் பதினான்கு புடவை இருந்தது.

பெட்டாலிங் ஜெயாவில் அம்கார்ப் மாலில் சனி ஞாயிறுகளில் பழம்பொருள் சந்தை நடக்கும். கோலாலம்பூரில் அக்கா வீட்டுக்குப் போனால் எல்.ஆர்.டி. பிடித்து தாமான் ஜெயாவில் இறங்கிவிடுவேன். அங்கே பழக்கமான ஓர் அண்ணன், ஓய்வுபெற்ற ஆசிரியர், ஒருமுறை வீட்டுக்குக் கூப்பிட்டுத் தன் கண்ணாடி அலமாரியைக் காட்டினார். மேல் தட்டில், தனியாக, 1966இன் ஜப்பானிய சிப்பாய். ஹாஸ்ப்ரோ அந்த வருடம் உலகச் சிப்பாய்கள் என்று ஆறு பேரை விட்டது: ஜெர்மானியன், ரஷ்யன், பிரெஞ்சுப் போராளி, பிரிட்டிஷ் கமாண்டோ, ஆஸ்திரேலியக் காட்டுவீரன், இவன். இவனுக்கென்று தனித் தலை செதுக்கினார்கள். இந்தத் தொகுப்பில் எல்லோரும் கண்வைப்பது இவன் மேல்தான். ஹெல்மெட், முதுகுப் பை, முனையில் கத்தி செருகிய துப்பாக்கி, நெஞ்சில் பருந்துப் பதக்கம். அண்ணன் கையுறை போட்டு எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வேலைப்பாடு அருமை. பை வாரின் பக்கிள்கூடச் சரியாக இருந்தது. அரை நிமிடத்துக்கு மேல் வைத்திருக்க முடியவில்லை. நன்றாக இருக்கிறது அண்ணே என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

தாத்தா ஞாபகம் வந்துவிட்டது.

அம்மாவின் அப்பா சுங்கை பட்டாணிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். 1943இல், பதினெட்டு வயதில், மூன்று மாத வேலை என்று சொல்லி ஜப்பான்காரன் லாரியில் ஏற்றினான். சயாம் மரண ரயில்பாதை போடத்தான். சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர். அங்கே செத்த தமிழர்கள் பல்லாயிரம். தாத்தாவின் லயத்திலிருந்து போன பதினொரு பேரில் திரும்பியது மூவர். அதைப் பற்றி அவர் பேசிக் கேட்டவர்கள் எங்கள் வீட்டில் யாரும் இல்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கினார், வெற்றிலை போட்டார், தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு நடந்தே போனார்.

ஆக்‌ஷன் மேன் விஷயத்தில் அவர் கோபப்பட்டதில்லை. ஷோகேஸில் வைக்காதே, சாமி படத்துக்கு எதிரே வேண்டாம் என்பார். ஒருமுறை மட்டும், எனக்குப் பத்து வயது இருக்கும், திண்ணையில் உட்கார்ந்து அவனைக் கையில் எடுத்து, பெல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னா?"

"தண்ணி போத்தல், தாத்தா."

"ம். ஆளுக்கொண்ணு குடுத்துட்டானுங்க." கொஞ்ச நேரம் கழித்து, "வெள்ளக்காரக் கைதிங்க தண்ணிய கொதிக்க வெச்சுத்தான் குடிப்பானுங்க. அவனுங்களுக்குச் சொல்லிக் குடுக்க டாக்டருங்க இருந்தாங்க. நாங்க ஆத்துல வாய வெச்சுக் குடிச்சோம். காலரா வந்துச்சு" என்றார். அவ்வளவுதான். வெற்றிலையைத் துப்பிவிட்டு உள்ளே போய்விட்டார். நானும் விளையாடப் போய்விட்டேன்.

அந்த வருடமே போத்தல் தொலைந்தது. கட்டிலுக்கு அடியில் தேடினேன், கோழிக்கூட்டுக்குப் பின்னால் தேடினேன். சித்தி மகன் மேல் சந்தேகப்பட்டு அவன் முதுகில் ஒன்று வைத்தேன். அவன் அழுதுகொண்டே, "நான் எடுக்கல, நான் எடுக்கல" என்றான். தாத்தா பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

1998இல் தாத்தா போனார். பதினாறாம் நாள் முடிந்து அம்மா அவருடைய வெற்றிலைப் பெட்டியைக் கழுவ எடுத்தார். பித்தளைப் பெட்டி, உள்ளே தட்டு ஒன்று. தட்டைத் தூக்கினால் கீழே பாக்குவெட்டி, இரண்டு ஜப்பான் காலத்து வாழைமர நோட்டு, சுண்ணாம்புக் கறை படிந்த ஒரு துணி முடிச்சு. முடிச்சை அவிழ்த்தோம். சுண்டு விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதான பச்சை நிறப் போத்தல்.

சித்தி மகனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவனுக்கு அடி வாங்கியதே ஞாபகம் இல்லை.

டின்னில் வந்தவன் இன்னும் இருக்கிறான். எலாஸ்டிக் இரண்டு முறை மாற்றிவிட்டேன். இடது கையின் விரல்கள் பொடிந்துவிட்டன. மாற்றுக் கைகள் கிடைக்கின்றன, மாட்டவில்லை. கண் நெம்புகோல் வேலை செய்கிறது, வலப்பக்கம் போனால் மட்டும் திரும்பி வரச் சற்று அடம் பிடிக்கும். சேகரிப்பாளர்கள் கணக்கில் அவன் முழுமை இல்லாதவன். போன வருடம் அவனைப் பற்றி நீளமாக எழுதியபோது, சாமான் பட்டியலில் பெல்ட் உண்டு, துப்பாக்கி உண்டு, பூட்ஸ் இரண்டும் உண்டு என்று போட்டுவிட்டு, தண்ணீர் போத்தல் என்ற இடத்துக்கு வந்ததும் கை நின்றது. ‘இல்லை’ என்று எழுதினால் பொய். கடைசியில் ‘அம்மா வீட்டில்’ என்று எழுதினேன். ஆயர் ஈத்தாமில், சாமி அலமாரிக்குக் கீழே இருக்கும் அந்தப் பெட்டியில், அதே துணி முடிச்சில்.

இங்கிலாந்திலிருந்து ஒருவர் அதைப் படித்துவிட்டு, கூகுளில் மொழிபெயர்த்திருப்பார் போல, தன்னிடம் அசல் போத்தல் ஒன்று உபரியாக இருக்கிறது, பத்து பவுனுக்குத் தருகிறேன், பெல்ட் காலியாக இருப்பது கண்ணை உறுத்துகிறது என்று எழுதியிருந்தார். நல்ல மனிதர். நன்றி சொல்லி, அதற்குப் பதிலாக வலது பூட்ஸ் ஒன்று உபரியாக இருக்குமா என்று கேட்டேன். லோரோங் கூலிட்டில் எழுபதுக்கு வாங்கியவன் வெறுங்காலோடு நிற்கிறான்.